தோட்டத்துப் பிள்ளைகளின் தலை சிறியது என்பது உண்மையா? மூளையின் அளவையும் வளர்ச்சியையும் தீர்மானிப்பவை எவை?

கேள்வி: மடுவப் பொறுப்பாளர், பொகவந்தலாவை

அனைவருக்கும் வணக்கம். பொகவந்தலாவைப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் நேரத்தில், கைக்குழந்தைகள் முதல் பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகள் வரை எங்களிடம்தான் இருப்பார்கள்.

அண்மையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த ஒருவர் உரையாற்றினார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொதுவாகவே தலை சிறியது, தலை சிறிதென்றால் மூளையும் சிறிதுதான், புலமைப்பரிசில் பரீட்சையில் அவர்கள் பின்தங்குவதற்கு அதுவே காரணம், இது பரம்பரையாக வருவதால் யாரும் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். படித்தவர் சொல்கிறார் என்பதால் தாய்மார் எவரும் எதிர்த்துக் கேட்கவில்லை. மறுநாள் காலை ஒரு தாய் தன் ஒன்பது மாதப் பெண் குழந்தையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டி, தலைச் சுற்றளவைக் குறிக்கும் பக்கத்தில் புள்ளி கடைசிக் கோட்டுக்குக் கீழே கிடப்பதைச் சுட்டிக்காட்டி, "அவர் சொன்னது இதைத்தானா, மிஸ்?" என்று கேட்டார். அன்றைக்கு எடுத்த அளவு 41 சென்றிமீற்றர்.

மூளையின் அளவுக்கும் அறிவுக்கும் உண்மையில் எவ்வளவு தொடர்பு இருக்கிறது, மூளை வளர்வதற்கு எவை துணை செய்கின்றன, எவை கெடுக்கின்றன, எங்களிடம் இருக்கும் வசதியைக் கொண்டு மடுவத்தில் என்ன செய்யலாம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாய்மாருக்கு நானே எழுந்து பதில் சொல்ல விரும்புகிறேன்.

பதில்: மருத்துவர், நுவரெலியா மாவட்டம்

சகோதரி, அந்த உரையில் சரியும் பிழையும் கலந்திருக்கின்றன. பிழையான பகுதிதான் தாய்மாரின் மனதில் பதிந்திருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

வளர்ந்த மனிதரின் மூளை சராசரியாக 1,300 முதல் 1,400 கிராம் வரை எடையுடையது. ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம்தான் இருந்தது. ஆண்களின் மூளை சராசரியில் பெண்களின் மூளையைவிடப் பத்து சதவீதமளவில் பெரியது, ஆயினும் பொது அறிவுத்திறனில் இரு பாலாருக்கும் இடையே அத்தகைய வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. ஆபிரிக்க யானையின் மூளை நான்கரைக் கிலோவுக்கு மேல் இருக்கிறது, அதிலுள்ள நரம்புக் கலங்கள் சுமார் 25,700 கோடி, நம்முடையவை சுமார் 8,600 கோடி. ஆனால் யானையின் கலங்களில் மிகப் பெரும்பாலானவை பின்மூளையில் இருக்க, சிந்தனைக்கு அடிப்படையான பெருமூளைப் புறணியில் மனிதனுக்கே அதிகமான கலங்கள் உள்ளன. ஆரோக்கியமான மனிதர்களிடையே மூளையின் பருமனுக்கும் அறிவுத்திறன் சோதனைப் புள்ளிகளுக்கும் ஒரு தொடர்பு இருப்பது உண்மைதான். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பலவீனமானது என்றே தெரியவந்தது. நாடாவால் தலையை அளந்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்வதற்கு அதில் இடமே இல்லை.

அப்படியானால் தலைச் சுற்றளவை ஏன் அளக்கிறோம்? வளர்ச்சியில் ஏதேனும் தடை ஏற்பட்டிருக்கிறதா என்பதை அது முன்கூட்டியே காட்டுகிறது என்பதால்தான். பிறக்கும்போது குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம் வரை இருக்கும், முதல் ஆண்டிலேயே அது இரண்டு மடங்கை எட்டி, இரண்டு வயதில் வளர்ந்தோரின் அளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குக்கு வந்துவிடும். இவ்வளவு விரைவான வளர்ச்சிக்கு ஏராளமான சக்தி தேவை. உடலெடையில் இரண்டு சதவீதமே இருக்கும் மூளை, வளர்ந்தவர்களில் ஓய்வு நிலையில் செலவாகும் சக்தியில் ஐந்திலொரு பங்கை எடுத்துக்கொள்கிறது, கைக்குழந்தைகளிலோ பாதிக்கும் மேலாக எடுத்துக்கொள்கிறது. எனவே இந்தக் காலத்தில் ஊட்டம் குறைந்தாலும், அடிக்கடி வயிற்றோட்டமும் காய்ச்சலும் வந்தாலும், அதன் பாதிப்பு மூளை வரை எட்டும்.

தொடக்கம் கருப்பையிலிருந்தே. மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது, பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது. ஆகவே அந்தக் குழாய் சரியாக மூட உதவும் போலிக் அமில மாத்திரையைக் கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்குவது போதாது, குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே தொடங்க வேண்டும். அடுத்தது அயடீன். கருவிலுள்ள சிசு முதல் சில மாதங்களுக்குத் அயடீனைக் கொண்டு உருவாகும் தைரொயிட் ஓமோனைத் தாயிடமிருந்தே பெறுகிறது, தாயிடம் அயடீன் இல்லையென்றால் மூளைக் கலங்கள் உரிய இடத்துக்கு நகர்ந்து அடுக்காவதே பாதிக்கப்படும். மழை மிகுந்த நமது ஈரவலயத்தில், அயடீன் குறைவால் கழுத்து வீங்கும் கண்டமாலை நோய் நெடுங்காலம் பரவலாக இருந்தது. 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்ட பிறகே நிலைமை மாறியது. ஆயினும் உப்பைத் திறந்த பாத்திரத்தில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு வைத்தால் ஈரத்திலும் வெப்பத்திலும் அதன் அயடீன் குறைந்துவிடும். பிறவியிலேயே தைரொயிட் சுரப்புக் குறைந்த குழந்தைகளைக் கண்டறியவே, பிறந்த பின் குதிகாலிலிருந்து ஓரிரு சொட்டு இரத்தம் எடுக்கிறார்கள். சில வாரங்களுக்குள் தைரொக்சின் மருந்து தொடங்கினால் அந்தக் குழந்தைகள் ஏனையோரைப் போலவே வளர்வார்கள், தாமதித்தால் நேரும் இழப்பைப் பின்னர் ஈடுசெய்ய முடியாது.

மலையகத்தில் நான் மிகவும் கவலைப்படுவது இரும்புச்சத்தைப் பற்றித்தான். நரம்பிழைகளைச் சுற்றி மயலின் எனும் கொழுப்பு உறை படர்வதற்கும், நினைவோடு தொடர்புடைய பகுதிகள் முறையாக வளர்வதற்கும் இரும்பு வேண்டும். சிசுப் பருவத்தில் கடுமையான இரும்புக் குறைபாட்டுக்கு ஆளான கொஸ்தரிக்காப் பிள்ளைகளைப் பெற்சி லொசொப் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, பின்னர் இரத்தம் சீராகியும் அவர்கள் பதின்ம வயதின் இறுதியிலும் பின்தங்கியே இருந்ததைக் கண்டார்கள். நம் தாய்மார் காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, அதனோடேயே சாயம் ஏறிய தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு மலைக்குப் போகிறார்கள். தேயிலையிலுள்ள தனின் கீரையிலும் பருப்பிலும் தானியத்திலுமுள்ள இரும்பைப் பிடித்துவைத்துக் குடலில் சேரவிடாமல் தடுக்கிறது. தேத்தண்ணீரை விடச் சொல்வது நடக்கிற காரியமல்ல, சொல்லவும் வேண்டியதில்லை. உணவுக்கும் இரும்பு மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடித்தாலே பெரிய வேறுபாடு ஏற்படும். சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்தாலோ, கொய்யாப்பழம் ஒன்று சேர்த்துக்கொண்டாலோ இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். கைக்குழந்தைகளுக்குப் போத்தலில் தேத்தண்ணீர் கொடுப்பதை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள்.

கர்ப்ப காலத்தில் மது அருந்துவது சிசுவின் மூளையை நேரடியாகச் சுருக்கும், இதில் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை. ருபெல்லா போன்ற தொற்றுகள், வண்ணப்பூச்சிலும் பழைய பற்றரியிலும் இருந்து உடலுக்குள் போகும் ஈயம், பிரசவத்தின்போது ஒட்சிசன் தடைப்படுவது ஆகியனவும் மூளையைப் பாதிக்கும்.

பரம்பரையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தலையின் அளவில் பரம்பரைக்கு நிச்சயமாகப் பங்குண்டு, தாய்க்கோ தந்தைக்கோ சிறிய தலை என்றால் பிள்ளைக்கும் அப்படியே அமையலாம், அதில் நோய் எதுவும் இல்லை. மிக அரிதாக, ஏஎஸ்பிஎம் போன்ற மரபணுக்களில் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வந்து சேரும்போது பிறவியிலேயே தலை மிகச் சிறியதாக இருக்கும், நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதன் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். ஆனால் ஒரு குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பரம்பரைக்குப் பங்கிருப்பதால், ஒரு சமூகத்துக்கும் இன்னொரு சமூகத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடும் பரம்பரைதான் என்று ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல சூழலில் தாய்ப்பால் ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைகளை அளந்தபோது, அவர்களின் உயரம் நாட்டுக்கு நாடு பெரிதாக வேறுபடவில்லை. இன்று நம் பதிவேட்டிலுள்ள கோடுகள் அந்த ஆய்விலிருந்து வரையப்பட்டவையே. இலங்கையில் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடு முழுவதும் ஏறத்தாழ 17 சதவீதமாக இருக்க, தோட்டப்புறத்தில் மட்டும் ஏறத்தாழ 32 சதவீதமாக இருந்தது. இந்த இடைவெளியை உண்டாக்கியவை தாயின் இரத்தச்சோகை, குறைந்த பிறப்பு எடை, லயன் அறையின் நெருக்கடியும் அடுப்புப் புகையும், தண்ணீரும் மலசலகூடமும் ஆகியன. இவற்றில் எதுவும் எவருடைய பரம்பரையிலும் எழுதப்பட்டதல்ல.

பதில்: உயிரியல் ஆசிரியர், பதுளை

மருத்துவர் ஐயா உணவையும் கருப்பையையும் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். பிறந்த பிறகு மூளைக்குக் கிடைக்கும் அனுபவத்தைப் பற்றி நான் சேர்க்க விரும்புகிறேன், மடுவத்தில் இருப்பவரின் கையில் அதுதான் அதிகமாக இருக்கிறது.

நரம்புக் கலங்களில் மிகப் பெரும்பாலானவை பிறக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறந்த பின் மூளை பெருப்பதற்குக் காரணம், கலங்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்வதும், அந்த இழைகளைச் சுற்றி மயலின் படர்வதும்தான். பீற்றர் ஹுட்டன்லோக்கர் என்ற நரம்பியலாளர் இந்த இணைப்புகளை நுண்நோக்கியின் கீழ் எண்ணிப் பார்த்தார். பார்வைக்குரிய பகுதியில் அவை முதல் ஆண்டுக்குள்ளேயே உச்சத்தை அடைந்து, பின்னர் குறையத் தொடங்குவதையும், திட்டமிடலுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உரிய முன்மூளையில் அதே நிகழ்வு பல ஆண்டுகள் பிந்தி நடப்பதையும் அவர் கண்டார். பயன்படும் இணைப்பு நிலைக்கிறது, பயன்படாதது கழிகிறது. கவாத்து வெட்டிய செடியில் வேண்டிய வாதுகளை மட்டும் விடுவதைப் போன்றதுதான் இது. ஆகவே ஒரு வயதுக்குப் பிறகு சில பகுதிகளில் இணைப்புகள் குறைவதும் வளர்ச்சியே.

1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மரியன் டயமண்ட் முதலானோர் எலிகளில் சிலவற்றைத் தோழர்களும் விளையாட்டுப் பொருட்களும் நிறைந்த கூட்டிலும், சிலவற்றைத் தனிமையில் வெறுங்கூட்டிலும் வளர்த்தார்கள். முன்னவற்றின் பெருமூளைப் புறணி தடித்திருந்ததை அளந்தும் காட்டினார்கள். அனுபவத்தால் மூளையின் கட்டமைப்பே மாறும் என்பதை அன்றைய விஞ்ஞானிகளில் பலர் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை.

மனிதரில் இதற்கான சான்று மிகவும் துயரமானது. ருமேனியாவில் 1989 வரை இருந்த ஆட்சியின் கீழ், ஆயிரக்கணக்கான குழந்தைகள் அநாதை இல்லங்களில் பேசவோ தூக்கவோ ஆளின்றிக் கட்டில்களில் கிடந்தார்கள். பின்னர் இங்கிலாந்துக் குடும்பங்களில் தத்தெடுக்கப்பட்டு, நல்ல உணவும் அன்பும் கல்வியும் பெற்று வளர்ந்த சிலரின் மூளையை இருபது வயதுக்கு மேல் படமெடுத்துப் பார்த்தபோது, அத்தகைய புறக்கணிப்புக்கு ஆளாகாத தத்துப் பிள்ளைகளின் மூளையைவிட அது சராசரியில் 8.6 சதவீதம் சிறியதாக இருந்தது. 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி, இல்லத்தில் கழிந்த காலம் கூடக் கூட மூளையின் அளவு குறைந்திருந்தது. அந்தக் குழந்தைகள் அனைவரும் ஒரே பரம்பரையினர் அல்லர். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது, அழுதபோது எவரும் வராததுதான்.

சகோதரி, நீங்கள் அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டியது ஜமைக்காவின் கதை. 1980களின் பிற்பகுதியில் சாலி கிரந்தம்-மக்ரெகர் என்ற மருத்துவரின் குழு, கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றியிருந்த, 9 முதல் 24 மாதம் வரையான 129 குழந்தைகளைத் தெரிவுசெய்தது. ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரத்துக்கு ஒருமுறை சமூக சுகாதாரப் பணியாளர் ஒருவர் சென்று, ஒரு மணித்தியாலம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து விளையாடி, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, பொருட்களின் பெயரை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று காட்டினார். பொம்மைகள் எல்லாம் வெற்றுப் போத்தல், மூடி, கந்தல் துணி போன்றவற்றில் கையால் செய்தவை. இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் தேடிப்போய்ப் பார்த்தபோது, அப்பிள்ளைகளின் வருமானம் அந்த உதவி கிடைக்காதோரின் வருமானத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அங்கே போய் உதவியவர்கள் விசேட நிபுணர்கள் அல்லர், உங்களைப் போன்றவர்கள்தான்.

ஆகவே மடுவத்தில் தொட்டிலில் கிடக்கும் குழந்தை சத்தம் எழுப்பினால் ஆயம்மா திரும்பிப் பார்த்து அதே சத்தத்தைத் திருப்பிச் சொல்லட்டும். உணவூட்டும்போது பருப்பு, கீரை, முட்டை என்று பெயர் சொல்லி ஊட்டட்டும். இதற்குப் பணம் தேவையில்லை, ஆள்தான் தேவை. ஒருவரே ஏராளமான குழந்தைகளைப் பார்க்கும் நிலை இருந்தால், நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது இன்னோர் ஆளையே, வண்ணச் சுவரை அல்ல என்பது என் உறுதியான கருத்து.

பதில்: குடும்ப நல உத்தியோகத்தர், மஸ்கெலியா

மிஸ், அந்தக் குழந்தையைப் பற்றி எனக்கு இரண்டு விடயங்கள் தெரிய வேண்டும். மாதம் நிறைந்து பிறந்த பிள்ளையா? இதற்கு முன்பு குறித்த புள்ளிகள் எங்கே இருக்கின்றன? ஒற்றைப் புள்ளியை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. நாடா நெகிழாததாக இருக்க வேண்டும், நெற்றியில் புருவத்துக்குச் சற்று மேலாகவும் பின்தலையில் மிகவும் புடைத்த இடத்தின் மீதாகவும் சுற்ற வேண்டும், காதின் மீது படக்கூடாது, கொண்டையோ தலையில் சூடிய பூவோ இருந்தால் அகற்ற வேண்டும். அரைச் சென்றிமீற்றர் பிசகினாலும் புள்ளி கோட்டின் மறுபக்கம் போய்விடும்.

வீடுகளுக்குப் போகும்போது நான் அடிக்கடி காண்பவற்றையும் சொல்கிறேன். குளிப்பாட்டும்போது தலையைப் பிடித்து உருட்டிவிட்டால் மூளை நன்றாக வளரும் என்று பாட்டிமார் நம்புகிறார்கள். அதனால் மூளை வளராது, உச்சிக்குழியை அழுத்துவது ஆபத்தும்கூட. வல்லாரைச் சம்பல் நல்ல கீரையுணவு, தாய்மார் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் வல்லாரை சாப்பிட்டால் மூளை பெருக்கும் என்று போத்தலில் அடைத்து விற்பவற்றுக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு முட்டையும் நெத்தலியும் வாங்கலாம். கர்ப்பிணிகள் வெற்றிலையோடு புகையிலை போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், குழந்தையின் எடை அதனால் குறைகிறது. திரிபோஷா சத்துமாவைத் தாய்க்கென்று கொடுத்தால் தாய்தான் சாப்பிட வேண்டும், வீட்டிலுள்ள அனைவருக்கும் பங்கிட்டால் எவருக்கும் பயன் இல்லை.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாயிடம் விசாரித்தேன். குழந்தை 34 வாரத்தில் பிறந்திருக்கிறது. இதற்கு முந்தைய புள்ளிகளும் கடைசிக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன, ஆனால் கோட்டிலிருந்து விலகிக்கொண்டு போகவில்லை, சிறிது சிறிதாக அதை நெருங்கி வருகின்றன. பிள்ளை சத்தம் வரும் திசையில் திரும்புகிறாள், ஒரு கையிலுள்ள மூடியை மறுகைக்கு மாற்றுகிறாள், "பா பா" என்று ஓயாமல் சொல்கிறாள், கையூன்றிச் சற்று நேரம் உட்காருகிறாள்.

பதில்: குடும்ப நல உத்தியோகத்தர், மஸ்கெலியா

நான் எதிர்பார்த்ததும் அதுதான். 40 வாரத்துக்குப் பதிலாக 34 வாரத்தில் பிறந்தவள் என்றால் ஆறு வாரம் முந்திப் பிறந்திருக்கிறாள். இரண்டு வயதாகும் வரை அந்த ஆறு வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் புள்ளியைக் குறிக்க வேண்டும். ஒன்பது மாதப் பெண் குழந்தைக்குத் தலைச் சுற்றளவின் நடுக்கோடு 43.8 சென்றிமீற்றரிலும், கீழ்க்கோடு ஏறத்தாழ 41.2இலும் இருக்கிறது, அதனால்தான் 41 கோட்டுக்குக் கீழே விழுந்தது. அவளுடைய திருத்திய வயதோ ஏழரை மாதம். அந்த வயதில் கீழ்க்கோடு ஏறத்தாழ 40.5இல் வருவதால் இவள் கோட்டுக்கு மேலே இருக்கிறாள். நீங்கள் சொன்ன செயல்கள் அனைத்தும் ஏழரை மாதத்துக்குப் பொருந்துபவை. முந்தைய புள்ளிகளையும் இதே முறையில் திருத்திக் குறித்துத் தாயிடம் காட்டுங்கள்.

பதில்: மருத்துவர், நுவரெலியா மாவட்டம்

மேலே சொன்ன கணக்கு சரியானது. எனினும் குறைமாதத்தில் பிறந்தவள் என்பதால் அடுத்த கிளினிக் நாளில் சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒருமுறை காட்டி, ஹீமோகுளோபினைப் பரிசோதித்துக்கொள்ளட்டும். கருவிலுள்ள சிசு இரும்பைச் சேமிப்பது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் என்பதால், முந்திப் பிறந்த பிள்ளைகளின் கையிருப்பு விரைவில் தீர்ந்துவிடும், அவர்களுக்கு இரும்புத் துளி மருந்து தேவைப்படுவது வழக்கம். பெற்றோர் இருவரின் தலைச் சுற்றளவையும் அன்றே அளந்து பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். இனிவரும் மாதங்களில் புள்ளிகள் கோட்டைவிட்டுக் கீழ்நோக்கி விலகினாலோ, அதற்கு மாறாகத் தலை திடீரென வேகமாகப் பெருத்து, உச்சிக்குழி புடைத்து, வாந்தியும் சோர்வும் சேர்ந்தாலோ, கிளினிக் நாள் வரும் வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தாய் காலையில் மலைக்குப் போகும் முன் சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிப்பவரா என்பதையும் கேட்டுப் பாருங்கள், அவருக்கும் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.